ஆயிரத்து இருநூற்று முப்பதில் நின்றது

வெடிச் சத்தத்தில் ஆய்வக மேசை மேலிருந்த கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிளாரன்ஸின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தவள் நிமிர்வதற்குள் விளக்கு அணைந்தது; மின்விசிறி நின்றது; அடுத்த நொடி உலைக்கூடத்தின் அபாயச் சங்கு அலற ஆரம்பித்தது.

காலை மணி பதினொன்று இருபது.

வெளியே ஓடினாள். ஆலையின் பின்பக்க வேலிக்குள் நின்ற டிரான்ஸ்பார்மரிலிருந்து கறுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. அதன் தலைமேல் இருந்த பீங்கான்களில் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. மற்றவற்றில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. வேம்பார் போகிற சாலையில், உப்பளங்களுக்கு நடுவில் ஆலை வைத்தால் கடல்காற்று சும்மா விடாது. உப்பு வழியாக மின்சாரம் பாய்ந்து வெடிக்காமலிருக்க மாதம் ஒருமுறை பீங்கான்களைக் கழுவித் துடைக்க வேண்டும். இந்த மாதம் யாரும் கழுவவில்லை.

கருங்கல்லை உருக்கிப் பஞ்சாக்குகிற ஆலை அது. கப்பல் எஞ்சின் அறைகளிலும் பாய்லர்களிலும் சூடு வெளியே போகாமல் சுற்றிப் போர்த்துகிற கல் பஞ்சு. உலைக்குள் எப்போதும் நாலு டன் பாறைக்குழம்பு கிடக்கும். மேலேயிருந்து இறங்கும் மூன்று கரித்தண்டுகள் வழியாக மின்சாரம் குழம்புக்குள் பாய்ந்து அதைச் சூடாக வைத்திருக்கும். குழம்பாக இருக்கிறவரைதான் அதற்குள் மின்சாரம் ஓடும். ஆறிக் கல்லாகிவிட்டால் ஓடாது. அப்புறம் கரண்ட் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். உலையை உடைத்துத்தான் கல்லை வெளியே எடுக்க வேண்டும்.

ஆலை முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சிக்கு இருப்பது அந்த ஒரே உலை. மளிகை மொத்த வியாபாரத்தை விட்டுவிட்டு, குஜராத்தில் மூடிப்போன ஆலை ஒன்றிலிருந்து அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர். இன்னொரு உலை வாங்க அவரிடம் தெம்பு கிடையாது. உலை போனால் ஆலை போச்சு. ஆலை போனால் நாற்பத்திரண்டு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிளாரன்ஸும், அவள் அண்ணன் ரெக்ஸும் அந்த நாற்பத்திரண்டு பேரில் அடக்கம்.

ரெக்ஸ்தான் போர்மேன். வேலிப்பக்கமிருந்து வேர்க்க வேர்க்க வந்தான்.

"போச்சுளா. எண்ணெய் பூரா ஒழுகிட்டு. வேற டிரான்ஸ்பார்மர் கொண்டாந்து மாட்ட சாயங்காலம் ஆறு மணி ஆகுமாம்."

"ஆறு மணியா? உலை தாங்காதே அண்ணே."

"ஜெனரேட்டர் போட்டாச்சுல்லா?"

"அது தண்ணிப் பம்புக்கும் பேனலுக்கும்தான் காணும். உலைக்கு எங்க காணும்?"

பேனல் முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் தளவாய், சிவப்பு எண்களைப் பார்த்துக் கத்தினான். "யக்கா, ஆயிரத்து நானூத்தி முப்பது! நிமிசத்துக்கு ரெண்டு டிகிரி எறங்குது!"

பிளாரன்ஸ் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு மணிவரை குழம்பு குழம்பாக இருக்காது. செய்யக்கூடியது ஒன்றுதான். உலையின் அடியில் இருக்கும் வாயைத் திறந்து, குழம்பு முழுவதையும் மணல் குழிக்குள் ஊற்றிவிட வேண்டும். நாலு டன் வீண்தான். ஆனால் உலை பிழைக்கும். மூன்று நாளில் மறுபடியும் பற்ற வைத்துவிடலாம்.

"ஊத்திருவோம் அண்ணே" என்றாள்.

ரெக்ஸ் அவளைப் பார்த்த பார்வையில் போன மாதம் இருந்தது.

போன மாதம் இப்படித்தான், பேனலில் சூடு திடீரென்று இருநூறு டிகிரி சரிந்தது. பிளாரன்ஸ் பதறிப்போய் ஊற்றச் சொன்னாள். ஊற்றினார்கள். அப்புறம் பார்த்தால், சூட்டைக் காட்டுகிற கருவியின் உறையில் விரிசல். குழம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. காசிலிங்கம் அண்ணாச்சி எல்லோரும் இருக்கும்போதே சொன்னார்: "படிச்ச பிள்ள பேச்சைக் கேட்டு நாலு டன்ன மண்ணுல ஊத்திட்டு நிக்கோம்." திட்டக்கூட இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தங்கைக்காக வேலை கேட்டு அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்ற ரெக்ஸ்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து உலைவாயின் பூட்டுச் சாவி ரெக்ஸின் இடுப்பில் தொங்குகிறது. அண்ணாச்சி வார்த்தையில்லாமல் திறக்கக் கூடாது.

"அண்ணாச்சிட்ட கேளு" என்றாள் பிளாரன்ஸ்.

"நாசரேத்துல கல்யாண வீட்டுல இருக்காரு. கேட்டுட்டு வாரேன்."

உலைக்கூடத்துக்குள் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆலைச் சட்டம். எல்லோர் போனும் கேட்டில் செக்யூரிட்டி அலமாரியில் இருக்கும். ரெக்ஸிடம் மட்டும் ஒரு பட்டன் போன் உண்டு. அதை எடுத்துக்கொண்டு சத்தமில்லாத இடம் தேடி வெளியே போனவன், ஐந்து நிமிடத்தில் திரும்பினான்.

"அண்ணாச்சி போன் சார்ஜ் எறங்கிக் கெடக்கு. டிரைவர் போன்ல பேசுனேன். அவசரப்பட வேண்டாங்காரு. பாத்துக்கிட்டே இருங்கன்னு சொல்லுதாரு."

"நான் சொன்னத சொன்னியா?"

"எல்லாம் சொன்னேன்."

பிளாரன்ஸ் ஆய்வகத்துக்குள் போய், சுவரில் ஒட்டியிருந்த வரைபடத் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். ஆலையில் சேர்ந்த புதிதில் அவளே வரைந்தது. கல்லூரியில் படித்த அனார்த்தைட், டையாப்சைடு என்ற இரண்டு கனிமங்களின் படம்தான். ஆலைக் கல்லில் இரும்பும் கலந்திருந்ததால், சின்ன மூசையில் உருக்கி உருக்கி ஆறவிட்டு, எண்களை மட்டும் அவளே அளந்து மாற்றியிருந்தாள்.

பேனல் மேசையில் தாளை விரித்தாள். தளவாய் எட்டிப் பார்த்தான்; ரெக்ஸும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான்.

"என்னக்கா, பள்ளத்தாக்கு மாதிரி இருக்கு?"

"பள்ளத்தாக்குதான். இந்த ஓரம் ஒரு கல்லு, அந்த ஓரம் ஒரு கல்லு. தனித்தனியா உருக்குனா ரெண்டுக்கும் ரொம்பச் சூடு வேணும். கலந்து உருக்குனா கம்மிச் சூட்டுலயே உருகும். அதான் ரெண்டு பக்கமிருந்தும் கோடு சரிஞ்சு வந்து நடுவுல பள்ளத்துல சேருது. கோட்டுக்கு மேல இருக்க வரைக்கும் எல்லாம் குழம்பு. பள்ளத்துக்கு அடியில ஒரு படுக்கக் கோடு இருக்கு பாரு, அதுக்குக் கீழ எல்லாம் கல்லு."

"நடுவுல?"

"கல்லும் குழம்புமா, கஞ்சி மாதிரி."

"நாம எங்கன இருக்கோம்?"

அவள் வலப்பக்கக் கோட்டுக்கு மேலே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். "இங்கன. இப்ப நேரே கீழ எறங்குதோம். ஆயிரத்து முந்நூத்திப் பத்துல இந்தக் கோட்டத் தொடுவோம். அப்ப முதக் கல்லு உண்டாகும். கொஞ்சங் கொஞ்சமா சேரும். மிச்சக் குழம்பு இந்தச் சரிவுலயே வழுக்கிப் பள்ளத்துக்கு வந்துரும். பள்ளம் ஆயிரத்து இருநூத்தி முப்பது."

"அங்கன வந்தா?"

"அங்கன வந்தா சூடு நிக்கும்."

தளவாய் முகம் மலர்ந்தது. "நின்னுருமா?"

"ஏலே, நிக்கது நல்லதுக்கு இல்ல. மிச்சக் குழம்பு பூரா அந்தச் சூட்டுல வச்சுத்தான் கல்லாகும். அது கல்லாகும்போது அதுக்குள்ள இருக்க சூடு வெளிய வரும். வெளிய போற சூடும் உள்ளருந்து வர சூடும் சரிக்குச் சரியா இருக்கதால எண்ணு அசையாது. கடைசிச் சொட்டும் கல்லானப்பொறவுதான் எண்ணு மறுபடி எறங்கும்."

தளவாய் தலையை ஆட்டினான். புரிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு எண் 1310 ஆனது. அதற்குப் பிறகு வேகம் குறைந்தது. நிமிடத்துக்கு இரண்டு டிகிரி என்பது ஒன்றரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று. முதல் கல் உண்டாக ஆரம்பித்துவிட்டது என்று பிளாரன்ஸுக்குத் தெரிந்தது. ரெக்ஸுக்கு வேறு ஒன்று தெரிந்தது.

"பாத்தியாளா? வேகம் கொறையுது. உலை சுவரு சூட்டப் புடிச்சு வச்சிருக்கு."

"சுவரு இல்ல அண்ணே."

"நீ சும்மா இரு. வாய்க்குள்ள சாமியக் கும்பிடு."

உலையைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் திரேஸ்புரத்துக்காரர்கள். ரெக்ஸைப் போலவே ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள்.

ஒன்று இருபத்தைந்துக்கு எண் 1230-ஐத் தொட்டது. 1230. அடுத்த நிமிடமும் 1230. அதற்கடுத்த நிமிடமும் அதுவே.

"நின்னுட்டு!" என்று தளவாய் கத்தினான். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் கேட்டதெல்லாம் காற்றோடு போயிருந்தது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். ரெக்ஸ் மூச்சை இழுத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

பிளாரன்ஸ் வரைபடத் தாளைக் கையில் எடுத்தாள். வலப்பக்கக் கல் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று காட்டும் அடிக்கோட்டில், அவள் வைத்த புள்ளி ஐம்பத்தாறில் இருந்தது. பள்ளம் நாற்பத்திரண்டில். ஓரம் நூறில். பள்ளத்திலிருந்து புள்ளிவரை பதினாலு; பள்ளத்திலிருந்து ஓரம்வரை ஐம்பத்தெட்டு. பதினாலை ஐம்பத்தெட்டால் வகுத்தால், நூற்றுக்கு இருபத்து நாலு. நாலு டன்னில் ஒரு டன்தான் இதுவரை கல்லாகியிருக்கிறது. மூன்று டன் இன்னும் குழம்பு. இப்போது திறந்தால் கஞ்சி போல வழிந்து வந்துவிடும். ஆனால் அடிவாய்தான் உலையிலேயே குளிர்ந்த இடம். முதலில் அடைவது அதுதான். அரைமணி நேரம் இருக்கலாம். அதுவும் நிச்சயமில்லை.

"அண்ணே, சாவியக் குடு."

"எதுக்கு?"

"மூணு டன் இன்னும் தண்ணியாத்தான் இருக்கு. இப்ப ஊத்துனா உலை பிழைக்கும்."

"தண்ணியா இருக்குன்னு நீயே சொல்லுத. பின்ன எதுக்குளா ஊத்தணும்?"

"இது நின்னுருக்கதுக்கு அர்த்தமே கல்லாகுதுன்னுதான். நீ ஐஸ் பிளான்ட்ல பதினோரு வருசம் இருந்தவன்தான? கேன்ல தண்ணி ஐஸாகும்போது சூடு எங்க நிக்கும்? ஜீரோல நிக்கும்லா? முழுக்க ஐஸாகுத வரைக்கும் ஜீரோதான்?"

"கேனுக்குள்ள எவன் தெர்மாமீட்டர் போட்டுப் பாத்தான்? நாங்க பாக்கது கேன முக்கி வச்சிருக்க உப்புத்தண்ணித் தொட்டியில. தொட்டியில முள்ளு ஒரே எடத்துல நின்னா கம்ப்ரசர் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். முள்ளு அசைஞ்சாத்தான் நாங்க பதறி ஓடுவோம். நின்னா, நிம்மதியாச் சாயா குடிப்போம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "போர்மேன் சொல்லுதது சரிதான்" என்றார் ஒருவர். "முள்ளு நின்னா நல்லதுல்லா." பதினோரு வருடம், இருபது வருடம் என்று தொட்டியின் முள்ளைப் பார்த்தே வாழ்ந்தவர்கள். கேனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் அவர்களில் யாருக்கும் வந்ததில்லை. காலையில் தூக்கினால் ஐஸ் இருக்கும்.

ரெக்ஸ் நீளமான இரும்புக் கம்பியை எடுத்து மேல்வழியாக உலைக்குள் விட்டான். கம்பி மெதுவாக, ஆனால் தடையில்லாமல் இறங்கியது. வெளியே இழுத்தான். முனையில் சிவப்பாகக் குழம்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இந்தா பாரு. இளகித்தான கெடக்கு?"

"இப்ப இளகித்தான் இருக்கும். அதான் இப்பவே ஊத்தச் சொல்லுதேன். அண்ணாச்சியக் கூப்பிடு. போன என்கிட்ட குடு, நான் பேசுதேன்."

"நான் பேசிட்டு வாரேன்" என்று ரெக்ஸ் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

அவளும் பின்னாலேயே போயிருப்பாள். அந்த நேரம் பார்த்து கரித்தண்டு ஒன்றின் தண்ணீர்க்குழாய் கழன்று ஆவி சீறியது. தளவாய் கத்தினான். அதை இறுக்கிவிட்டு அவள் வெளியே போவதற்குள் ரெக்ஸ் திரும்பி வந்துகொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு.

"அண்ணாச்சி வேண்டான்னுட்டாரு. நின்னுட்டுன்னா அப்படியே விட்டுரச் சொல்லுதாரு. கரண்டு வந்ததும் பாத்துக்கலாமாம்."

"நான் சொன்னத முழுசாச் சொன்னியா? நின்னா கல்லாகுதுன்னு அர்த்தம்னு சொன்னியா?"

"சொன்னேன்ளா. பந்தியில உக்காந்துட்டாரு மனுசன். கல்யாண வீட்டுல எத்தன தடவ கூப்பிடுவே?" அவன் அவள் தோளைத் தட்டினான். வெகுநாளைக்குப் பிறகு அவளிடம் அவன் அப்படிச் சிரிப்பது. "நீ ஒண்ணும் பயப்படாத. எல்லாம் நல்லாத்தான் நடக்கு. இன்னைக்கு ஒனக்கு நல்ல பேருதான்."

அவளுக்கு அந்தக் கடைசி வாக்கியம் எதற்கென்று விளங்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. கேட்டுக்கு ஓடினாள். அலமாரியிலிருந்து தன் போனை எடுத்து அண்ணாச்சிக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மறுபடியும் போட்டாள். டிரைவர் நம்பர் யாருக்குத் தெரியும் என்று செக்யூரிட்டியிடம் கேட்டாள். "போர்மேனுக்குத்தான் தெரியும்மா" என்றார் அவர். வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி அனுப்பினாள். ஒற்றைக் குறியோடு நின்றது.

திரும்பி வந்தபோது மணி ஒன்று ஐம்பது. எண் 1230. ஆட்கள் இரண்டிரண்டு பேராகச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். மீன் குழம்பு வாசனை வந்தது.

"யக்கா, ஒரு வாய் சாப்பிடுங்க. ஒரு டிகிரி அசையலைலா" என்றான் தளவாய்.

ஒரு டிகிரிகூட அசையவில்லை. அதுதான் அவளை உட்காரவிடவில்லை. எண் இறங்கியிருந்தால் இவர்கள் அனைவரும் அவளோடு சேர்ந்து பதறியிருப்பார்கள். ரெக்ஸ் அவனாகவே சாவியை எடுத்திருப்பான். அந்த அசையாத நாலு எண்ணுக்குப் பின்னால் நிமிடத்துக்கு முப்பது கிலோ கல்லாகிக்கொண்டிருப்பதைக் காட்ட அவளிடம் ஒரு தாளைத் தவிர எதுவும் இல்லை.

ரெக்ஸின் இடுப்பைப் பார்த்தாள். பிடுங்கிவிடலாமா? பிடுங்கினாலும், வாயைத் திறக்க நீளக் கடப்பாரையோடு மூன்று ஆள் வேண்டும். அவள் ஒருத்தி. யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ரெக்ஸ் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டு மணிக்கு ஒருமுறை கேட்டாள். இரண்டேகாலுக்கு ஒருமுறை கேட்டாள். இரண்டரைக்குக் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு தடவ கம்பிய விட்டுப் பாரு அண்ணே. எனக்காக."

ரெக்ஸ் சலித்துக்கொண்டே எழுந்தான். கம்பியை எடுத்து மேல்வழியாக விட்டான். ஒரு சாண் இறங்கியது. அப்புறம் 'ணங்' என்று நின்றது. வேறு இடத்தில் விட்டான். 'ணங்'. கரித்தண்டுகளுக்கு நடுவில், எப்போதும் சூடு அதிகமாக இருக்கும் இடத்தில் விட்டான். அங்கே மட்டும் ஒரு முழம் போனது. பசையில் மாட்டியதுபோலச் சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை.

ரெக்ஸ் திரும்பிப் பேனலைப் பார்த்தான். 1230.

"நின்னுட்டுதான் இருக்கு..." என்றான், யாரிடமோ முறையிடுவதுபோல.

அவன் சாவியை உருவி எறிந்தான். தளவாய் பூட்டைத் திறந்தான். மூன்று பேர் கடப்பாரையோடு அடிவாயில் பாய்ந்தார்கள். முதலில் களிமண் அடைப்பு பெயர்ந்தது. அதற்குப் பின்னால் வழக்கமாகக் கண் கூசும் வெளிச்சம் இருக்கும். இப்போது மங்கலான கருஞ்சிவப்பு. கடப்பாரையை அடித்தார்கள். பொறி பறந்தது. இன்னும் அடித்தார்கள். கடப்பாரை முனை மழுங்கி வளைந்தது. ஒரு சொட்டு வரவில்லை. ரெக்ஸ் மற்றவர்களைத் தள்ளிவிட்டுத் தனியாக அடித்தான். சட்டையில் பொறி விழுந்து ஓட்டை போட்டதைக்கூடக் கவனிக்காமல் அடித்தான். பிளாரன்ஸ் போய் அவன் கையைப் பிடித்தாள்.

"போதும் அண்ணே."

அவன் கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவள் முகத்தை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தோற்றுப்போன வெட்கம் என்றுதான் அவள் நினைத்தாள்.

மூன்று மணி அடித்துச் சில நிமிடங்களில் தளவாய் சின்னக் குரலில் சொன்னான்: "யக்கா... 1229."

அப்புறம் 1228. அப்புறம் 1226. தடையே இல்லாமல் இறங்கியது.

இப்போதுதான் எல்லோரும் பதறினார்கள். "எறங்குது, எறங்குது" என்று ஓடி வந்தார்கள். பதறுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று பிளாரன்ஸுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

வெளியே கார் வந்து நின்றது.

காசிலிங்கம் அண்ணாச்சி வெற்றிலைச் சிவப்போடு, பட்டுக்கரை வேட்டியில் இறங்கி உள்ளே வந்தார். பின்னால் டிரைவர் இரண்டு கை நிறைய லட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணாச்சி சிரித்துக்கொண்டேதான் வந்தார். உலையைப் பார்த்தார். அடிவாயில் வளைந்து கிடந்த கடப்பாரையைப் பார்த்தார். கம்பி ஒன்று உலை நடுவில் ஆணி அடித்ததுபோல நிற்பதைப் பார்த்தார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நடந்து போய் உலையின் இரும்பு விளிம்பில் கையை வைக்கப் போனவர், சூட்டில் விரலை இழுத்துக்கொண்டார்.

"கட்டிப் போச்சா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"முழுக்கவா?"

"முழுக்க."

டிரைவர் பெட்டிகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். மேலே இருந்த பெட்டியில் பேனாவால் 'பிளாரன்ஸ்' என்று தனியாக எழுதியிருந்தது.

"அண்ணாச்சி, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றாள் பிளாரன்ஸ். "ரெண்டு தடவ சொல்லி விட்டேன். ஊத்திருவோம்னு. நீங்கதான் வேண்டான்னுட்டீங்க."

தரையில் உட்கார்ந்திருந்த ரெக்ஸ் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

காசிலிங்கம் அண்ணாச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னளா சொல்லுத? 'பிளாரன்ஸ் என்ன சொல்லுதா, அவ சொல்லுத மாதிரி செய்யி'ன்னுதான் நான் ரெண்டு தடவையும் சொன்னேன். ரெண்டாந்தடவ, 'ஊத்தவே வேண்டாம், எந்தங்கச்சி படம் போட்டுச் சொன்ன மாதிரியே நின்னுட்டு அண்ணாச்சி, உலை அவளாலதான் பிழச்சுது'ன்னு ரெக்ஸ்தான சந்தோசமாச் சொன்னான்?"